விண்ணில் ஒரு புள்ளி

எங்கள் ஊர் சுங்குவார்சத்திரம். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருவழியில், திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே உள்ளது. சத்திரம் என்னும் சொல்லே ஊரின் பழங்கதையைக் கூறிவிடும். வழிநடந்து களைத்தோர் இரவில் தங்கி இளைப்பாறிய இடம் இது. நான் சிறுவனாக இருந்தபோது, பொழுது சாய்ந்தால் ஏரியும் கழனியும் இருளில் மூழ்கிவிடும். களத்துமேட்டில் பாய் விரித்துப் படுத்தால், வானம் முழுவதும் விண்மீன்கள் விதைத்தாற்போலக் கிடக்கும்.

இன்று திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இரவும் பகலும் அங்கு வேலை நடைபெறுகின்றது. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகின்றது. அவற்றின் விளக்கொளி எங்கள் இரவு வானத்திற்கு ஒரு செம்மஞ்சள் நிறத்தை ஏற்றிவிட்டது. ஒளி மிக்க விண்மீன்கள் சிலவே இப்பொழுது எங்கள் கண்ணுக்குப் புலப்படும். அச்சிலவற்றுள் ஒன்று திருவாதிரை.

அத்திருவாதிரையின் பொருட்டு நான் ஒரு பிழை செய்தேன். அதனை மறைக்காமல் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். அப்பிழையின் வழியே நான் கற்றுக்கொண்ட அரிய செய்தி ஒன்றும் இதில் உண்டு.

2020-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு செய்யுளுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். பேச்சின் ஓட்டத்தில், “அரசுகள் மாறும், ஊர்கள் மாறும், ஆறுகளும் தம் வழியை மாற்றிக்கொள்ளும். விண்மீன்கள் மட்டும் என்றும் மாறா” என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, திருவாதிரை மாறியிருக்கிறது. சென்ற ஆண்டு இருந்த ஒளி இந்த ஆண்டு அதற்கு இல்லை” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “ஒளி குறைந்தது விண்மீனில் இராது அம்மா, உன் கண்ணில் இருக்கும். நல்ல மருத்துவரிடம் காட்டு” என்றேன். சிரிப்பு இருமடங்காயிற்று. அவள் தலைகுனிந்து அமர்ந்தாள். என் வீட்டு மாடிக்குப் பதினான்கு படிகள். அன்றிரவு அவற்றில் ஏறி, வானத்தை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். நான் ஏறவில்லை.

சில நாள் கழித்துச் செய்தித்தாளில் ஒரு செய்தி கண்டேன். திருவாதிரை விண்மீன் 2019-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மங்கிவருகின்றது. உலகெங்கும் வானியலார் அதனை வியப்புடன் நோக்கிவருகின்றனர் என்றிருந்தது. என் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. அம்மாணவியிடம் வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தேன். நாளை சொல்வோம், தேர்வு முடிந்து சொல்வோம் என்று நாள் கடத்தினேன். மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. அவள் தந்தைக்கு வேறு ஊரில் வேலை அமைந்து, அக்குடும்பம் ஊரைவிட்டுச் சென்றது. மறு ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். சொல்ல வேண்டிய சொல் சொல்லப்படாமலே நின்றது.

ஓய்வுக் காலத்தில் விண்மீன்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலானேன். திருவாதிரை ஏன் மங்கியது என்று அறிய விரும்பினேன். அது சூரியனைவிடப் பன்மடங்கு பெரிய, முதுமையடைந்த செவ்விண்மீன். தன் உடலிலிருந்தே ஒரு பகுதியை அது வெளியே உமிழ்ந்தது. அது குளிர்ந்து தூசியாகி முகத்திரைபோல் மறைத்தது. விண்மீனின் மேற்பரப்பிலும் ஒரு பகுதி குளிர்ந்திருந்தது. இவற்றால் ஒளி குறைந்தது என்று பின்னர் ஆராய்ந்து கண்டனர். 2020 பிப்ரவரிக்குப் பிறகு அது மீண்டும் ஒளிபெறத் தொடங்கியது.

ஆயினும், என்றேனும் ஒருநாள் திருவாதிரை வெடிக்கும். இன்றோ நாளையோ அன்று. இன்னும் நூறாயிரம் ஆண்டுகள் ஆகலாம். பேரளவு பொருள் திரண்ட விண்மீன், தன்னுள் எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் நடுவே இடிந்து விழும். விழுந்த வேகத்தில் வெளிப்புறம் வெடித்துச் சிதறும். அப்போது அந்த ஒற்றை விண்மீன் நூறு கோடிச் சூரியன்கள் ஒருங்கே கூடினாற்போல ஒளிவிடும். சில திங்கள்களில் அவ்வொளி மங்கிவிடும். இதனைச் ‘சூப்பர்நோவா’ என்று உலகோர் வழங்குவர். தமிழில் மீயொளிர் விண்மீன் என்னலாம்.

இத்தகைய காட்சியைக் காண நம் வானத்தையே நோக்கிக் காத்திருந்தால் என்ன? காத்திருக்கலாம், ஆனால் வாழ்நாள் போதாது. நம் சூரியன் உட்படப் பல்லாயிரம் கோடி விண்மீன்கள் சேர்ந்த கூட்டத்திற்குப் பால்வழித் திரள் என்று பெயர். இப்பெருந்திரளிலேகூட நூறு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் இவ்வாறு வெடிக்கும். அவற்றிலும் பல, இடையிலுள்ள தூசியில் மறைந்துபோகும். வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கடைசி வெடிப்பு 1604-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அப்போது தொலைநோக்கி வானை நோக்கித் திரும்பியிருக்கவில்லை.

ஒரு தென்னை ஆண்டுக்கு ஒரு காய்தான் காய்க்கும் என்றால், நாள்தோறும் இளநீர் வேண்டுவோன் என் செய்வான்? நானூறு தென்னை உள்ள தோப்புக்குச் செல்வான். வானியலார் செய்வதும் அதுவே. நம் திரளுக்கு அப்பால் எண்ணற்ற விண்மீன் திரள்கள் உள்ளன. ஆயிரக்கணக்கான திரள்களை இரவுதோறும் கண்காணித்தால், ஏதேனும் ஒன்றில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தே தீரும். அவை மிகத் தொலைவில் உள்ளமையால், அப்பெருவெடிப்பும் நமக்கு ஒரு சிறு புள்ளியாகவே தோன்றும். நேற்று இல்லாத புள்ளி இன்று இருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில், வானியல் அறியாத எனக்கு அத்துறை திடீரென்று நெருங்கிய உறவுபோல் ஆகிவிட்டது. புள்ளியைத் தேடும் தொழிலை நானும் இளமையில் செய்தவன் அல்லனோ!

நான் புலவர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில், என் ஆசிரியர் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். ஒரே நூலின் இரண்டு சுவடிகளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒன்றைப் படிப்பார். மற்றவர் இன்னொன்றில் விரல் ஓட்டிவருவார். ஓர் எழுத்து வேறுபட்டாலும் நிறுத்திக் குறித்துக்கொள்வோம். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிடும் முன்பு, இவ்வாறே பல பிரதிகளை ஒப்புநோக்கி உழைத்தார். ஒருநாள் ஒரு சுவடியில் ஓர் எழுத்தின் தலைமேல் புள்ளியைக் கண்டேன். ஓலை கிழிந்துவிடும் என்பதனால் ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ஆகவே எனக்கு உவகை பொங்கியது. “ஐயா, புதிய பாடம் கிடைத்துவிட்டது! புள்ளியே இருக்கின்றது!” என்று கூவினேன்.

ஆசிரியர் தலைநிமிராமல், “ஏட்டைத் திருப்பிப் பார்” என்றார்.

திருப்பினேன். மறுபக்கத்திலும் அதே இடத்தில் புள்ளி இருந்தது. புழு அரித்த துளை! வெட்கத்தால் என் முகம் சிவந்தது. ஆசிரியர் சினக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. “புள்ளியைக் கண்டாயே, அது நல்லது. கண் கூர்மையாய் இருக்கின்றது. ஆனால் ஏட்டைத் திருப்பும் வரையில் அது துளையா புள்ளியா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றார்.

விண்வெளிப் புள்ளிகளைத் தேடுவோர் கதையும் இத்தகையதே. 1885-ஆம் ஆண்டில் ஆந்திரமேதைத் திரளில் ஒரு புதிய புள்ளி தோன்றியது. பலர் கண்டனர்; அதன் பெருமையை எவரும் உணர்ந்தாரிலர். ஆந்திரமேதை அருகிலுள்ள ஒரு முகிற்படலம் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1920-களில் ஹபிள் என்னும் அறிஞர், அது நம் திரளுக்கு அப்பாலுள்ள வேறொரு திரள் என்று நிறுவினார். அது 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்று இன்று அறிவோம். ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9½ இலட்சம் கோடி கிலோமீட்டர். அத்தனை தொலைவிலிருந்து ஒற்றை விண்மீன் தெரிந்ததென்றால், அதன் ஒளி எத்துணைப் பெரிதாக இருந்திருத்தல் வேண்டும்! 1934-இல் பாடே, சுவிக்கி என்னும் இருவர் இவற்றைத் தனி இனமாக வகுத்துச் சூப்பர்நோவா என்னும் பெயரில் ஆராய்ந்தனர். பின்னர்ச் சுவிக்கி, அமெரிக்காவின் பாலோமர் மலையில் திரள்களைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்துத் தேடினார். தம் வாழ்நாளில் 120-க்கு மேற்பட்டவற்றைக் கண்டார்.

படமும் இன்றிக் கண்ணால் மட்டுமே கண்டவர் ஒருவர் உண்டு. அவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இராபர்ட் எவான்சு. திருச்சபைப் போதகர்; வானியலில் தொழிலறிஞர் அல்லர். தம் வீட்டிலிருந்த சிறு தொலைநோக்கியால் இரவுதோறும் திரள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பார். நூற்றுக்கணக்கான திரள்களின் அருகே எந்தெந்தப் புள்ளி எங்கெங்கு உண்டு என்பது அவருக்கு மனப்பாடம். புதுப்புள்ளி ஒன்று வந்து சேர்ந்தால் உடனே அவர் கண்ணில் உறுத்தும். ஓதுவாரின் காதில் பண் பிறழ்ந்த ஒலி உறுத்துமன்றோ, அதுபோல! இவ்வாறு அவர் கண்ணாலேயே 42 மீயொளிர் விண்மீன்களைக் கண்டறிந்தார். மனப்பாடம் என்றால் முகம் சுளிக்கும் மாணவர்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். பழையதை முற்றும் அறிந்தவனுக்கே புதியது புலப்படும்.

இக்காலத்தில் அந்நினைவாற்றலைக் கணிப்பொறிகள் ஏற்றுள்ளன. வானத்தின் ஒரு பகுதியை முன்பே எடுத்த படம் ஒன்று இருக்கும். இன்றிரவு எடுத்த படத்திலிருந்து அப்பழைய படத்தைக் கணிப்பொறி கழிக்கும். இரண்டிலும் பொதுவாக உள்ளவை அனைத்தும் நீங்கிவிடும். மாறியது மட்டும் எஞ்சும். பாலோமர் மலையில் 2018 முதல் இத்தகைய பெருந்தேட்டம் நடந்துவருகின்றது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டு மலையொன்றில் அமைந்த வேரா ரூபின் வானாய்வகம் தன் முதற்படங்களை 2025 சூனில் வெளியிட்டது. வானில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றி ஓர் இரவில் ஒரு கோடி அறிவிப்புகள் வரை அது தரும் என்று எதிர்பார்க்கின்றனர்.

ஒரு கோடி புள்ளிகள்! அவற்றுள் துளை எத்தனை, புள்ளி எத்தனை? கண்டறிதலினும் கடினமான பணி இங்கேதான் தொடங்குகின்றது. அதற்கு உறுதிசெய்தல் என்று பெயர்.

புதிதாக ஒரு புள்ளி தோன்றியவுடன் வானியலார் அதனை ஐயுறுகின்றனர். படமெடுக்கும் கருவியின் மேல் விண்வெளித் துகளொன்று பட்டாலும் புள்ளி விழும். அது உண்மையில் புழுத்துளையே. மறுபடி எடுத்த படத்தில் அது அவ்விடத்தில் இராது. சூரியனைச் சுற்றும் சிறுகோள் ஒன்று அவ்வழியே சென்றாலும் புள்ளி தோன்றும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கும். நம் திரளிலேயே உள்ள மாறொளி விண்மீன் ஒன்று திடீரென ஒளிகூடி ஏமாற்றவும் கூடும். ஒளி கூடியும் குறைந்தும் வரும் இவ்வின விண்மீன்களுள் ஒன்றை, 1867-இல் சென்னை வானாய்வகத்தில் பணிசெய்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் கண்டுபிடித்தார் என்பது நமக்குப் பெருமை. ஆகவே இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். மறுமுறை படம் எடுக்க வேண்டும். வேறொருவர், வேறோர் இடத்திலிருந்து, வேறொரு கருவியால் காண வேண்டும்.

அதுவும் போதாது. இறுதிச் சான்று நிறமாலை. மழைத்துளி சூரிய ஒளியைப் பிரித்து வானவில் ஆக்குவதுபோல, அப்புள்ளியின் ஒளியையும் நிறம் நிறமாகப் பிரிப்பர். ஒவ்வொரு தனிமமும் அவ்வொளிப் பட்டையில் தனக்கென்று உரிய இடத்தில் தடம் பதிக்கும். எழுத்தின் வடிவைக் கொண்டு ஏட்டின் காலத்தைச் சொல்வதுபோல, அத்தடங்களைக் கொண்டு புள்ளியின் இயல்பைச் சொல்லிவிடலாம். ஐதரசனின் தடம் இருந்தால், பெருவிண்மீன் ஒன்று இடிந்து வெடித்தது என்று பெரும்பாலும் கொள்வர். ஐதரசன் இன்றிச் சிலிக்கனின் ஆழ்ந்த தடம் இருந்தால், அது வேறுவகை. சிதறிய பொருள் நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதையும் அத்தடங்களே காட்டிக்கொடுக்கும்.

பெயரிடும் முறையிலும் இவ்வொழுங்கு உண்டு. புதுப்புள்ளிக்கு முதலில் ‘தோன்றி மறையும் வான்பொருள்’ என்னும் பொதுப்பெயரின் கீழேதான் ஆண்டும் எழுத்துக்களும் தருவர். நிறமாலை கண்டு உறுதியான பின்னரே சூப்பர்நோவா என்னும் பட்டம் அதன் முன்னே சேரும். தேர்வில் தேறாமல் பட்டம் இல்லை!

அண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். 2023-ஆம் ஆண்டு மே 19 அன்று, சப்பானைச் சேர்ந்த கோயிச்சி இதகாக்கி என்பவர் எழுமீன் கூட்டத்தின் திசையிலுள்ள ஒரு சுருள் திரளில் புதுப்புள்ளி ஒன்றைக் கண்டார். அவரும் தொழிலறிஞர் அல்லர். ஆர்வத்தால் வானை நோக்குபவர். அதற்கு முன்பே நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கண்டவர். தாம் கண்டதை உடனே உலகுக்கு அறிவித்தார். சில மணி நேரத்திற்குள் கனேரித் தீவிலுள்ள ஒரு தொலைநோக்கி அதன் நிறமாலையை எடுத்தது. ஐதரசன் தெரிந்தது, ஐயம் நீங்கியது. அப்புள்ளியிலிருந்து ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன! அதற்கு முன்னரே வேறு சிலர் எடுத்துவைத்திருந்த படங்களிலும் அப்புள்ளி மெல்லியதாக இருந்தது பின்னர்த் தெரியவந்தது. படம் அவர்களிடம் இருந்தது. ஒப்பிட்டு நோக்கியவர் இதகாக்கி.

நம் நாட்டவரும் விரைந்து அதனை ஆராய்ந்தனர். லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி உள்ளது. உறைபனி மூடிய அம்மலையில் அது இருக்க, அதனை இயக்குவோர் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் அமர்ந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்குகின்றனர். அத்தொலைநோக்கியும், 2015-இல் சீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் என்னும் விண்வெளி வானாய்வகமும் அவ்வெடிப்பை நோக்கின.

ஹான்லேத் தொலைநோக்கி தாங்கியிருக்கும் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. 1930-இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காக அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடற்பயணத்தின்போதே ஓர் அரிய கணக்கைப் போட்டார். எரிந்து முடிந்த சிறு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதன் விடை. அவ்வெல்லை சூரியனின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்கின்றனர். 1935 சனவரியில் இலண்டன் வானியல் அவையில் அவர் இதனை விளக்கினார். அவருக்குப் பின் எழுந்த எடிங்டன் என்னும் பேரறிஞர் அதனை எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. அந்த எடிங்டன் யார்? 1919-இல் சூரிய கிரகணத்தின்போது கடல் கடந்து சென்று, விண்மீன் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தந்தவர். பிறர் கொள்கைக்காகக் கடல் கடந்தவர், தம் எதிரே நின்ற இளைஞன் கணக்கின் முன் நடுநிலை தவறினார். சந்திரசேகரின் எல்லை உண்மையென்று நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. சிரித்த அவையை நான் முன்பே கண்டிருக்கின்றேன். அது என் வகுப்பறை.

சிலிக்கனின் தடம் காட்டும் வகை என்றேனே, அதனை விளக்கும் திறவுகோல் அந்த எல்லையே. எரிந்து முடிந்த விண்மீன் தன் துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்றோ, அதனோடு கலந்தோ அவ்வெல்லையை நெருங்கினால், முற்றிலும் வெடித்துவிடும் என்பர். இவ்வகை வெடிப்புகளின் உண்மை ஒளி ஏறத்தாழ ஓரளவினதாக இருப்பதால், தோன்றும் ஒளியைக் கொண்டு தொலைவை அளந்துவிடலாம். இதற்கென அமாவாசையை ஒட்டிப் படமெடுத்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, புதுப்புள்ளிகளைப் பெருந்தொலைநோக்கியால் உறுதிசெய்தனர். 1998-இல் இரண்டு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, பேரண்டம் விரியும் வேகம் கூடிவருகின்றது என்று ஒரே முடிவுக்கு வந்தனர். ஒரு குழு மட்டும் சொல்லியிருந்தால் உலகம் எளிதில் நம்பியிராது. 2011-இல் அதற்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வெடிப்பின் ஒளிக்குக் காரணம் அதில் பிறக்கும் ஒருவகை நிக்கல். அது சில நாளில் கோபாலட்டாகவும், அது சில திங்களில் இரும்பாகவும் மாறுகின்றது. எங்கள் ஊர் வழியே ஆலைகளுக்குச் செல்லும் சுமையுந்துகளில் எஃகுத் தகடுகளைக் காணும்போதெல்லாம், இவ்விரும்பின் பெரும்பகுதி என்றோ வெடித்த விண்மீன்களில் பிறந்தது என்ற நினைவு எனக்கு வரும்.

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புற மாவட்டங்களையும் வெள்ளக்காடாக்கியது. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. மழை விட்டு வானம் தெளிந்த ஓரிரவு, வாயிலில் “ஐயா” என்று குரல் கேட்டது. கைவிளக்குடன் ஓர் இளம்பெண் நின்றாள். அக்குடும்பம் அவ்வாண்டுதான் ஊருக்குத் திரும்பியிருந்ததாம். வயதான ஆசிரியர் எப்படி இருக்கின்றாரோ என்று அவள் தந்தை பாலும் மெழுகுவத்தியும் கொடுத்தனுப்பியிருந்தார். கல்லூரியில் இயற்பியல் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

“மாடிக்கு வா அம்மா” என்றேன். பதினான்கு படிகளையும் ஏறினோம். ஆண்டு பல கழித்து எங்கள் வானம் இருண்டிருந்தது. கிழக்கே திருவாதிரை செந்நிறமாக எழுந்திருந்தது.

“நான்கு ஆண்டுக்கு முன்னே இதைப்பற்றி நீ சொன்னது உண்மை. நான் பாராமலே மறுத்தேன். எல்லோர் முன்னிலையிலும் உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். அது தவறு. என்னைப் பொறுத்துக்கொள்” என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “ஐயா, அன்றே நானும் ஐயப்பட்டேன். ஒருநாள் பார்த்ததை வைத்துச் சொல்லிவிட்டேன் அல்லவா? அதனால் அன்றிரவு முதல் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். பக்கத்திலுள்ள ரோகிணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பிப்ரவரியில் திருவாதிரை ரோகிணியைவிடத் தெளிவாக மங்கியிருந்தது. அதன் பின் மெல்ல ஏறியது. எல்லாம் நாள்வாரியாக இருக்கிறது.”

“அதை எவரிடமும் காட்டினாயா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா. அதன் பிறகு வகுப்பில் எதையும் சொல்லத் தோன்றவில்லை” என்றாள்.

அச்சொல்லில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் ஆசிரியர் எனக்குக் கற்பித்ததை நான் மறந்தேன். எவரும் கற்பிக்காமலே இவள் ஏட்டைத் திருப்பிப் பார்த்திருக்கின்றாள். மறுநாள் அந்நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு வரியும் விடாமல் படித்தேன். என் வாழ்நாளில் நான் திருத்திய நோட்டுகள் பல்லாயிரம். என்னைத் திருத்திய நோட்டு அது ஒன்றே.

2024 சனவரியில் அவளையும் அவள் தந்தையையும் அழைத்துக்கொண்டு காவலூர் சென்றேன். எங்கள் பெருவழியிலேயே மேற்கே சென்று, வேலூரைக் கடந்து, வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலை ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1986-இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கு இருக்கின்றது. 1987 பிப்ரவரியில் நம் அண்டைத் திரளொன்றில் விண்மீன் வெடித்தது தெரிந்தபோது, தென்வானின் அடிவிளிம்பில் சிறிதே எழுந்து மறைந்த அப்புள்ளியின் நிறமாலையைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்தனர். பார்வையாளருக்கு உரிய சிறு தொலைநோக்கியில் ஆந்திரமேதைத் திரளை எங்களுக்குக் காட்டினர். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதைத் துடைத்தபின் நிற்கும் வெண்தடம்போல் அது தெரிந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டாள்.

மாணவர்களே! புதியதொன்றைக் கண்டால் அஞ்சாமல் சொல்லுங்கள். சொல்லும் முன்னோ பின்னோ, நாள் குறித்து, ஒப்பிட்டு, மீண்டும் பாருங்கள். தவறென்று தெரிந்தால் வெட்கம் வேண்டா; புழுத்துளையைப் புள்ளி என்று எண்ணியவன் நானும்தான். மற்றொரு கடமையும் உண்டு. ஒருநாள் நீங்களும் பெரியவர்கள் ஆவீர்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குழந்தை எழுந்து, ‘மாறியிருக்கிறது’ என்று சொல்லக்கூடும். உடனே நம்பவும் வேண்டா. உடனே மறுக்கவும் வேண்டா. அக்குழந்தையை உடன் அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள்.